அத்தியாயம் 7: இப்போதைக்கு மாட்டிய ஒயர்

ஓர் அச்சகம். காகிதம் வெட்டும் மெஷினுக்கு முன்னால் ஒரு மரப்பலகை கிடந்தது. உயரம் பற்றாதவருக்காகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். "மெஷின்ல லேசா சுர்ருங்குதுங்க. பலகை மேல நின்னா தெரியாது" என்றார் அங்கே வேலை செய்த அண்ணன். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "தீபாவளிக்கு முந்தியிருந்தேங்க." நான் போனது பங்குனியில். ப்ளக்கைக் கழற்றினால், உள்ளே எர்த் ஒயர் திருகை விட்டு விலகிச் சும்மா நின்றுகொண்டிருந்தது. மோட்டாரில் எங்கோ கசிந்த கரண்ட், இறங்க வழியில்லாமல் மெஷின் உடம்பிலேயே நின்றிருக்கிறது. எர்த்தை மாட்ட ஐந்து நிமிடம் ஆனது. கசிவைத் தேடி மோட்டாரை ஒர்க்ஷாப்புக்கு அனுப்ப ஒரு நாள் ஆனது. ஐந்து மாதமாக அங்கே எல்லோரும் பலகை மேல் ஏறித்தான் வேலை பார்த்திருக்கிறார்கள்.

நான் பார்த்த மின் அபாயங்களில் முக்கால்வாசி இப்படித்தான். அங்கே வேலை செய்பவர்களுக்கு முன்பே தெரியும். யாரோ ஒருவர் "இப்போதைக்கு இப்படி இருக்கட்டும்" என்று சொல்லி ஒரு ஏற்பாடு செய்திருப்பார். அந்த இப்போதைக்கு முடிவதே இல்லை. இந்த அத்தியாயத்தில் நீங்கள் செய்யப்போவது, உங்கள் கட்டடத்தில் இருக்கும் இப்போதைக்குகளைத் தேடிப் பட்டியல் போடுவது.

தையல் கூடம், அச்சகம், லேத் பட்டறை, கடை, இருபது முப்பது பேர் உட்காரும் அலுவலகம் போன்ற இடங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்து உயர் அழுத்த இணைப்பு வாங்கியவர்களுக்கு இது போதாது.

உங்கள் வேலை எதுவரை

பார்ப்பது, கேட்பது, முகர்வது, எழுதிவைப்பது உங்கள் வேலை. திறப்பது வயர்மேன் வேலை. இதற்கு ஒரே விதி: திருப்புளி வைத்துத் திறக்கவேண்டிய எதையும் நீங்கள் திறக்கக்கூடாது. யூடியூபில் பார்த்தேன் என்பது தகுதிச் சான்று ஆகாது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் சான்று தருகிறது. உங்கள் இடத்துக்கு வருகிறவரிடம் அது இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இவ்வளவு தெரிந்தால் போதும்

கரண்ட்டைப் பல வழிகளாகப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டியில் வரிசையாக நிற்கும் சின்ன ஸ்விட்சுகள் எம்.சி.பி.; நம் ஊரில் டிரிப்பர் என்பார்கள். ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் போனாலோ, ஷார்ட் ஆனாலோ விழும். அது காப்பாற்றுவது ஒயரை, உங்களை அல்ல. கணக்கைப் பாருங்கள். பத்து மில்லி ஆம்பியர் அளவில் கை இறுகிக்கொள்ளும், விட முடியாது. முப்பதைத் தாண்டினால் மூச்சு திணறும். நூறு மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியாகப் போனால் இதயம் தாளம் தப்பி நின்றுபோகலாம். 16 ஆம்பியர் டிரிப்பர் விழுவதற்கோ 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஓர் ஆள் உயிர் போகிற அளவு கரண்ட் அதன் கணக்கிலேயே வராது.

உங்களைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். பேஸில் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். மேலே 30 எம்.ஏ. என்று அச்சிட்டிருக்க வேண்டும். 100, 300 என்று இருந்தால் அது தீயைத் தடுக்க வைத்தது, ஆளுக்குப் போதாது.

மூன்றாவது எர்த். மெஷின் உடம்பில் கரண்ட் கசிந்தால் அது உங்கள் கால் வழியாக இறங்காமல் ஒயர் வழியாக இறங்குவதற்கான பாதை. மூன்று முள் ப்ளக்கில் மேலே தடியாக, நீளமாக இருக்கிறதே, அந்த முள்.

இதற்கு மேல் தத்துவம் வேண்டாம். கிளம்புவோம்.

கிளம்புமுன்

ரப்பர் செருப்போ ஷூவோ, காய்ந்ததாக. ஒரு டார்ச். நோட்டு, பேனா. படம் எடுக்க செல்போன். ஒட்ட சிவப்பு ஸ்டிக்கர்.

எல்லா மெஷினும் ஓடுகிற நேரத்தில் போங்கள். காலை பதினொரு மணி வாக்கில் சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலியான கட்டடத்தில் சூடு தெரியாது, வாடை வராது.

துணைக்கு, அந்த இடத்தில் அதிக வருடம் வேலை பார்த்தவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது கூட்டுகிற அக்காவாகவோ, ஹெல்ப்பராக இருக்கும் அண்ணனாகவோதான் இருக்கும். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எதைத் தொட்டால் சுர்ருங்குது? எந்த ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் போடணும்? எந்த டிரிப்பர் அடிக்கடி விழுது? இந்த மூன்று பதிலிலேயே உங்கள் பட்டியல் பாதி நிரம்பிவிடும். பதில் சொன்னதற்காக யாரையும் திட்டாதீர்கள். அடுத்த முறை சொல்லமாட்டார்கள்.

ஒரு சுற்று: மீட்டரிலிருந்து மாடி வரை

கரண்ட் வரும் வழியிலேயே நடங்கள். அப்போது எதுவும் விட்டுப்போகாது.

1. மீட்டர் பெட்டியும் மெயினும்

முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சைக்கிள், அட்டைப்பெட்டி, பழைய பேனர். மெயினை ஆஃப் செய்ய ஒருவர் அட்டைப்பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடம்தான் எல்லாம். முன்னே ஒரு மீட்டர் இடத்தைக் காலி செய்து, தரையில் மஞ்சள் பெயின்ட் கோடு போடுங்கள்.

பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்தால், அதில் ஃபியூஸ் ஒயருக்குப் பதிலாகச் செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நீங்கள் உருவிப் பார்க்க வேண்டாம். வயர்மேன் பட்டியலில் எழுதுங்கள். குழாய் வழியாக மழைத்தண்ணீர் இறங்கிய தடம், உருகிய பிளாஸ்டிக், மீன் கருகியது போன்ற வாடை இவை இருந்தால் அன்றைக்கே ஆள் வரவேண்டும்.

மீட்டரும் அதற்கு முன்னால் இருப்பவையும் இ.பி.யைச் சேர்ந்தவை, சீல் வைத்தவை. அங்கே கோளாறு என்றால் பிரிவு அலுவலகத்துக்கோ, மின்னகம் 94987 94987 எண்ணுக்கோ சொல்லுங்கள். உங்கள் வயர்மேனும் அதைத் தொடக்கூடாது.

2. டி.பி. பெட்டி

கதவு மூடுகிறதா? டிரிப்பர் இல்லாத காலி இடங்களில் மூடி இருக்கிறதா? அந்த ஓட்டை வழியாகத்தான் பல்லி உள்ளே போகும்; போய்ச் சேரும் இடம் பஸ்பார், அதாவது டிரிப்பர்களுக்கெல்லாம் கரண்ட் தரும் பட்டை. ஒவ்வொரு டிரிப்பருக்கும் கீழே எது எங்கே போகிறது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்காது. வயர்மேன் வரும் நாளில் ஒவ்வொன்றாக இறக்கி, எது அணைகிறது என்று பார்த்து, தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். "மாடி அயர்ன் டேபிள்", "ஏ.சி. கண்ணாடி ரூம்" என்று அங்கே புழங்குகிற பெயரிலேயே.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று தேடுங்கள். டிரிப்பரை விட அகலமாக, "டி" எழுத்து போட்ட சின்ன பட்டனோடு இருக்கும். அதைச் சோதிக்கும் முறை:

அ. கம்ப்யூட்டர், எம்பிராய்டரி மெஷின் வைத்திருப்பவர்களிடம் சொல்லி, வேலையைச் சேமிக்க வையுங்கள்.
ஆ. லிஃப்ட் இருந்தால் அதில் யாரும் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.
இ. பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும்.
ஈ. விழவில்லை என்றால் அது வெறும் பொம்மை. அன்றே வயர்மேனை மாற்றச் சொல்லுங்கள்.
உ. விழுந்தால் மேலே ஏற்றிவிட்டு, தேதியை நோட்டில் எழுதுங்கள்.

குறிப்பு: இந்தப் பட்டன் அந்தக் கருவியை மட்டும்தான் சோதிக்கிறது. எர்த் சரியாக இருக்கிறதா என்று இது சொல்லாது. இன்னொன்று: ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தவரை ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது. அதற்கு அவரும் ஒரு பல்பும் ஒன்றுதான்.

3. சுவர்ப் பாயின்ட்டுகள்

பழுப்பேறிய ஸ்விட்ச், விரிசல் விட்ட பிளேட், சுவரை விட்டுத் தொங்கும் பெட்டி. இவை கண்ணுக்கு உடனே தெரியும். தெரியாதது சூடு. ஒரு மணி நேரம் ஓடிய கருவியை ஆஃப் செய்து, பாயின்ட் ஸ்விட்சையும் ஆஃப் செய்து, ப்ளக்கை உருவி, முள்களைப் பாருங்கள். கறுத்திருந்தாலோ, ப்ளக்கின் பிளாஸ்டிக் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தாலோ சாக்கெட்டில் பிடிப்பு தளர்ந்துவிட்டது. "டிக் டிக்" என்று பொறி பறக்கும் ஓசையும் அதையேதான் சொல்கிறது.

ப்ளக் இல்லாமல் ஒயரை நேராகச் செருகி, விழாமல் இருக்கத் தீக்குச்சியைச் சொருகிய பாயின்ட் ஒன்றாவது இருக்கும். எர்த் முள் உடைந்த ப்ளக்கும் இருக்கும். மூன்று முள் ப்ளக் நுழையவில்லை என்று யாரோ உடைத்திருப்பார். இரண்டுக்கும் சிவப்பு ஸ்டிக்கர்.

4. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். அலுவலகங்களில் தீப்பிடிக்க வாய்ப்புள்ள இடங்களில் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

சின்ன பாயின்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். அவ்வளவுதான் அதன் கொள்ளளவு. டீ போடும் மின்கெட்டில் 1,500 வாட் என்று அடியில் எழுதியிருக்கும். ஆக, கெட்டில் ஒன்றே அதற்கு அதிகம். அதே பாக்ஸில் பிரிண்டர், இரண்டு கம்ப்யூட்டர், மார்கழிக் குளிருக்கு யாரோ கொண்டுவந்த ஹீட்டர் என்றால் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். பாக்ஸில் ஆறு ஓட்டை இருக்கிறது என்பதற்காக ஆறையும் நிரப்பலாம் என்று பொருள் இல்லை. டிரிப்பர் விழவில்லையே என்பீர்கள். பின்னால் இருக்கும் டிரிப்பர் பெரும்பாலும் 10, 16 ஆம்பியர். மெல்லிய ஒயர் உருகும்போதும் அது "எல்லாம் சரி" என்றுதான் நிற்கும்.

பார்க்கவேண்டியவை: ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸுக்குத் தொடர் போட்டிருக்கிறதா, ஒயர் மிதியடிக்குக் கீழோ கதவிடுக்கிலோ போகிறதா, நீள ஒயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டுகிறார்களா. சுருட்டிய ஒயரில் சூடு வெளியேற வழியில்லை. டேப் சுற்றிய இணைப்பு தரையில் கிடக்கிறதா.

கெட்டில், இன்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன், ஹீட்டர், ஏ.சி. இவை ஐந்தும் எக்ஸ்டென்ஷன் பக்கமே வரக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் சுவரில் சொந்தமாக 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். ஓர் எக்ஸ்டென்ஷன் மூன்று மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் கிடக்கிறது என்றால், அங்கே புது பாயின்ட் தேவை என்று கட்டடம் உங்களுக்குச் சொல்கிறது.

5. மெஷின்களும் அயர்னும்

தையல் கூடத்தில் அயர்ன் டேபிள் தனி உலகம். பெட்டிக்குள் ஒயர் நுழையும் அந்த இரண்டு அங்குலத்தைப் பாருங்கள். நாளெல்லாம் மடங்கி நிமிர்ந்து, உறை விட்டு, உள்ளே செம்பு தெரியும். ஈரத் துணி, நீராவி, இரும்பு மேசை, கால் செருப்பில்லை. எல்லாம் ஒரே இடத்தில். ஒயரை மேலே கொக்கியில் தொங்கவிட்டால் மடங்குவது குறையும். ஒயர் பழுதானால் டேப் சுற்றாமல் முழு ஒயரையே மாற்றச் சொல்லுங்கள்.

பஞ்சுப் பிசிறு மோட்டார், ஸ்விட்ச் பெட்டி, டியூப் லைட் பட்டி எல்லாவற்றிலும் படியும். ஒரு பொறி போதும். வாரம் ஒரு முறை, மெயின் ஆஃப் செய்தபின், காய்ந்த பிரஷ்ஷால் தட்டி வாக்குவமால் இழுங்கள். ஏர் பிடித்து ஊதினால் பிசிறு பக்கத்து மெஷினுக்குள் போகும்.

6. தண்ணீர் இருக்கும் இடம்

போர் மோட்டார் ஸ்விட்ச், தண்ணீர் கூலர், கழிவறை ஹீட்டர், சாப்பாட்டு அறைக் கழுவும் தொட்டி. இவற்றின் இணைப்பு 30 எம்.ஏ. ஆர்.சி.சி.பி.க்குக் கீழ் வருகிறதா என்று வயர்மேனைக் கேளுங்கள். கூலரை இரண்டு முள் ப்ளக்கில் மாட்டியிருந்தால் இப்போதே கழற்றுங்கள். ஸ்டீல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஸ்டீல் குழாயைத் திருகுகிறவருக்கு அது பெரிய ஆபத்து.

7. மாடி, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், சோலார்

மொட்டை மாடிக்குப் பக்கத்தில் இ.பி. லைன் போகிறதா? பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். அதைவிட முக்கியம், மாடியில் என்ன தூக்குகிறீர்கள் என்பது. இரும்புக் குழாய் சட்டத்தோடு ஃபிளெக்ஸ் பேனர், டி.எம்.டி. கம்பி, அலுமினிய ஏணி. இவை லைனைத் தொடவே தேவையில்லை. உயர் அழுத்த லைனை நெருங்கினாலே கரண்ட் தாவும்.

மெயினை இறக்கியும் கரண்ட் இருக்கக்கூடிய மூன்று வழிகள் இங்கே இருக்கின்றன. இன்வெர்ட்டர் அல்லது யு.பி.எஸ். லைன், தானே ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர், வெயில் அடிக்கும்வரை ஓயாத சோலார் தகடு. மெயின் பக்கத்தில் இதை எழுதி ஒட்டுங்கள்: "மெயின் ஆஃப் ஆனாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும்." ஜெனரேட்டருக்குச் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் கட்டாயம். இரண்டு பக்கமும் முள் வைத்த ஒயரைச் சுவர்ப் பாயின்ட்டில் செருகி ஜெனரேட்டர் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கரண்ட் பின்வழியாக லைனுக்குப் போனால், தெருக்கம்பத்தில் ஏறியிருக்கும் இ.பி. ஊழியர்தான் வாங்குவார்.

பட்டியலை வரிசைப்படுத்துங்கள்

இன்றே நிறுத்தவேண்டியவை: சுர்ருங்கும் மெஷின், கருகல் வாடை, வெளியே தெரியும் செம்பு, விழாத ஆர்.சி.சி.பி., பல்பு திடீரென்று பிரகாசமாகி மங்குவது. கடைசியாகச் சொன்னதை யாரும் பொருட்படுத்துவதில்லை. த்ரீ பேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றால் ஒரு பேஸில் வோல்டேஜ் ஏறும், இன்னொன்றில் இறங்கும். 230 வர வேண்டிய இடத்தில் 400 நெருங்கவும் கூடும். உடனே மெயினை இறக்குங்கள். கம்ப்யூட்டரை ஒவ்வொன்றாக ஆஃப் செய்ய ஓடாதீர்கள்.

மற்றவை இந்த வாரத்தில். பெயர் எழுதுவது, பட்டி ஒழுங்குபடுத்துவது எல்லாம் இந்த மாதத்தில்.

டிரிப்பர் விழுந்துகொண்டே இருந்தால்

"டைரக்டா குடுத்துட்டேனுங்ண்ணா, இனி விழாது." இந்த வாக்கியத்தைக் கேட்டால் அந்த ஆளை அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள். ஆர்.சி.சி.பி.யைச் சுற்றிக்கொண்டு நேராக ஒயர் கொடுத்துவிட்டார் என்று பொருள். 16 ஆம்பியர் டிரிப்பரை எடுத்து 32 போடுவதும் இதே வகை வைத்தியம். 2.5 ஸ்கொயர் ஒயர் அப்படியே இருக்க, காவலை மட்டும் தூங்க வைத்தாயிற்று.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் நீங்கள் செய்யக்கூடியது:

1. கருகல் வாடை, புகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஏற்றாதீர்கள்.
2. எல்லா டிரிப்பரையும் கீழே இறக்குங்கள்.
3. ஆர்.சி.சி.பி.யை ஒரே ஒரு முறை ஏற்றுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். நியூட்ரல் எங்கோ எர்த்தில் பட்டிருக்கலாம். டிரிப்பரை இறக்கினாலும் அது பிரியாது.
4. நின்றால், டிரிப்பர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கோளாறு அந்த வழியில்.
5. அந்த வழியில் இருக்கும் ப்ளக்குகளையெல்லாம் உருவிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது நின்றால் குற்றவாளி ஏதோ ஒரு கருவி. நிற்கவில்லையென்றால் சுவருக்குள்ளே.
6. அந்த டிரிப்பரை இறக்கியே வைத்து, ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

மழை நாளில் மட்டும் விழுகிறது என்றால் அதையும் எழுதிவையுங்கள். வெளிச்சுவர் லைட், போர்டு லைட் பக்கம் தேட வேண்டும்.

எல்லோரும் செய்யும் தவறுகள்

டெஸ்டர் எரியவில்லை, அதனால் கரண்ட் இல்லை என்று நம்புவது. டெஸ்டர் எரிந்தால் கரண்ட் உண்டு. எரியாததற்கு நூறு காரணம். பல்பு போயிருக்கலாம், பட்டப்பகல் வெளிச்சத்தில் தெரியாமல் இருக்கலாம், நீங்கள் நிற்கும் பலகை காய்ந்திருக்கலாம். கரண்ட் இருப்பது தெரிந்த பாயின்ட்டில் முதலில் வைத்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடி முதல் பாயின்ட்டில் வைத்துப் பார்ப்பது முறை.

எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள் சேர்த்து முடிச்சுப் போடுவது. டெஸ்ட் லாம்ப் எரியும், எல்லோருக்கும் திருப்தி. நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்தப் பாயின்ட்டில் மாட்டிய மெஷினின் உடம்பு முழுக்க 230 வோல்ட். தண்ணீர்க் குழாயில் எர்த் கொடுப்பதும் அப்படித்தான். இப்போது பாதிக் குழாய் பி.வி.சி.

ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு டியூப் லைட் மாற்றுவது. ஸ்விட்ச் நியூட்ரலில் போட்டிருந்தால், விளக்கு அணையும். ஹோல்டரில் கரண்ட் இருக்கும். டிரிப்பரை இறக்குங்கள். இரும்பு ஏணி வேண்டாம், மர ஏணியோ ஃபைபர் ஏணியோ.

ஆஃப் செய்துவிட்டு வேலை பார்க்கும் முறை

மெக்கானிக்கோ வயர்மேனோ வேலை செய்யும்போது நீங்கள் உறுதி செய்ய வேண்டிய வரிசை இது. வரிசை மாறக்கூடாது.

1. அந்த வழியில் வேலை செய்யும் எல்லோரிடமும் சொல்லுங்கள்.
2. மெஷினை நிறுத்தி, டிரிப்பரையோ மெயினையோ இறக்குங்கள். இன்வெர்ட்டர், ஜெனரேட்டரையும் மறக்காமல்.
3. டி.பி. கதவைப் பூட்டுங்கள். சாவி வேலை செய்பவர் பையில். இது சின்ன விஷயமாகத் தெரியும். "கரண்ட் போச்சு போல" என்று யாரோ வந்து நல்லெண்ணத்தோடு டிரிப்பரை ஏற்றுவதுதான் விபத்து.
4. "ஆள் வேலை செய்கிறார், போடாதே" என்று பெயர், நேரத்தோடு அட்டை தொங்கவிடுங்கள்.
5. கரண்ட் இல்லை என்று மேலே சொன்ன மூன்று தொடுதல் முறையில் வயர்மேன் உறுதி செய்யட்டும். கெப்பாசிட்டர் உள்ள மோட்டார், பேனல் என்றால் அதில் தேங்கிய கரண்ட் இறங்கும்வரை பொறுக்க வேண்டும்.
6. வேலை முடிந்தபின் அட்டை போட்டவரே எடுக்க வேண்டும். வேறு யாரும் கூடாது.

ஷாக் அடித்தால்

1. தொடாதீர்கள். அவர் உங்கள் சொந்தத் தம்பியாக இருந்தாலும்.
2. மெயினை இறக்குங்கள், அல்லது ப்ளக்கை உருவுங்கள்.
3. முடியவில்லை என்றால் காய்ந்த பலகை, பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்று, காய்ந்த கம்பால் ஒயரையோ அவர் கையையோ தள்ளிவிடுங்கள். இது வீட்டு அளவு கரண்ட்டுக்கு மட்டும். அறுந்து விழுந்த இ.பி. லைன், டிரான்ஸ்ஃபார்மர் என்றால் கிட்டே போகாமல் மற்றவர்களையும் தள்ளி நிறுத்தி இ.பி.க்குச் சொல்லுங்கள்.
4. ஒருவர் 108 கூப்பிடட்டும்.
5. பேச்சும் மூச்சும் இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் அளவு இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி மாற்றி. தண்ணீர் புகட்டுவது, கையில் இரும்பு கொடுப்பது எதுவும் வேண்டாம்.
6. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லண்ணே" என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இ.சி.ஜி. எடுங்கள். வெளியே சின்னக் கொப்புளமும் உள்ளே பெரிய காயமும் மின்சாரத்தின் குணம்.

தீ என்றால் முதலில் மெயின், பிறகு கார்பன் டை ஆக்சைடு அல்லது ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர். கரண்ட் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது. புகை கண்ணை மறைத்தால் அணைக்க நிற்காமல் எல்லோரையும் வெளியேற்றி 101 அழைக்க வேண்டும். தொழிற்சாலை என்று பதிவான இடங்களில் ஷாக் அடித்தவருக்குச் செய்யவேண்டிய முதலுதவிப் படத்தை உள்ளூர் மொழியிலும் மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. கண்ணாடி போட்டு ஆபீஸ் அறையில் மாட்டாதீர்கள். மெஷின்கள் இருக்கும் இடத்தில் மாட்டுங்கள்.

வயர்மேனிடம் கேட்கவேண்டிய எண்கள்

"எல்லாம் பக்காவா இருக்குங்க" என்பது பதில் அல்ல. எண் வேண்டும். மெகர் வைத்துப் பார்த்த இன்சுலேஷன் அளவு, குறைந்தது 1 மெகா ஓம். எர்த் குழியின் ஓம் அளவு. போன வருடத்து அளவோடு ஒப்பிட்டு ஏறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். முழு வேலை நேரத்தில் கிளாம்ப் மீட்டரால் எடுத்த ஆம்பியர், மூன்று பேஸுக்கும் தனித்தனியாக. ஒன்றில் 30, இன்னொன்றில் 8 என்று இருந்தால் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். இவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எர்த் குழிக்குச் சித்திரை, வைகாசியில் தண்ணீர் ஊற்றுகிற வேலையை ஒருவர் பெயரில் எழுதிவையுங்கள்.

ஆயுத பூஜை வாரம்

ஆர்.சி.சி.பி. பட்டனை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். முதல் தேதி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. முழுச் சுற்றை வருடத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும். அதற்கு ஆயுத பூஜைக்கு முந்தின வாரத்தை விடத் தோதான நேரம் இல்லை. எப்படியும் மெஷினை நிறுத்தித் துடைக்கப்போகிறீர்கள், கட்டடத்தின் மூலை முடுக்கெல்லாம் திறக்கப்போகிறது, வடகிழக்குப் பருவமழையும் கிட்டே வந்திருக்கும்.

பூஜையிலேயே கவனிக்க நான்கு உண்டு. மெஷினை ஹோஸ் பிடித்துக் கழுவாதீர்கள். ப்ளக்கை உருவிவிட்டு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். சந்தனம், குங்குமத்தை டி.பி. கதவின் வெளியே வையுங்கள். ஈர விரலோடு ஸ்விட்ச் மேலும் டிரிப்பர் மேலும் வேண்டாம். மலிவான சீரியல் லைட்டை இரும்பு மெஷினிலோ கிரில் கேட்டிலோ சுற்றாதீர்கள். வாழைக்கன்றைக் கட்ட ஆணி அடிக்குமுன், அந்தச் சுவருக்குள் ஒயர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் அடிக்கவே கூடாது.

சீரியல் லைட்டை விஜயதசமி அன்றே கழற்றிவிடுங்கள். தீபாவளி வரை இருக்கட்டும் என்று யாராவது சொல்வார்கள்.